கறுப்புத் திரையில் லொகின் கேட்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஏ/எல் ஐசிடியில் பைதான் பழகிய பிள்ளைகள் கொஞ்ச நாளில் தாங்களாகவே ஒரு புரோகிராம் எழுதிப் பார்ப்பார்கள், அதில் எப்படியும் ஒரு லொகின் இருக்கும். பெயரைக் கேள், கடவுச்சொல்லைக் கேள், இரண்டும் பொருந்தினால் உள்ளே விடு. நாலைந்து வரியில் முடிந்துவிடும், ஓடவும் செய்யும். ஆனால் தட்டுகிற கடவுச்சொல் எழுத்தெழுத்தாகத் திரையில் வந்து நிற்கும். வன்னியில் ஒரு கணனியை நாலு பேர் பாவிக்கிற இடங்கள் நிறைய: கமக்காரர் அமைப்பின் கந்தோர், பள்ளிக்கூடத்துக் கணனி அறை, சங்கக் கடை, பரந்தனிலோ மாங்குளத்திலோ சந்தியடியில் இருக்கிற கொமியூனிகேசன். அங்கெல்லாம் தட்டுகிறவரின் தோளுக்குப் பின்னால் ஆள் நிற்காத நேரம் குறைவு. அதனால்தான் சரிபார்ப்பதைவிடக் கேட்பதைப் பற்றி இங்கே கூட எழுதுகிறேன். கடவுச்சொல் கசிவது பெரும்பாலும் கேட்கிற இடத்தில்தான், அதைத் தடுக்கத் தேவையான வேலையோ மிகவும் சின்னது.

உதாரணத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரர் அமைப்பு ஒன்று. யார் எத்தனை மூடை நெல் கொடுத்தார், எவ்வளவு காசு கொடுபட்டது, காலபோகத்துப் பாக்கி எவ்வளவு, சிறுபோகத்துப் பாக்கி எவ்வளவு என்று பதிகிற சின்னப் புரோகிராம். செயலாளர், பொருளாளர், பதிவு செய்கிற தங்கச்சி, இந்த மூன்று பேரும் ஒரே கணனியில் பாவிக்கப் போகிறார்கள். ஆளுக்கொரு லொகின் வேண்டும், யார் எதைப் பதிந்தார் என்று பிறகு தெரிய வேண்டும்.

பைதான் 3 இருந்தால் போதும், வேறு எதையும் இறக்க வேண்டியதில்லை. கட்டளைகளை இங்கே வாயால் சொல்வதுபோலத்தான் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்தாகத் தட்டிக்கொள்ளுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தை அங்கங்கே சொல்கிறேன். கொப்பி பண்ணாமல் தட்டினால் கையும் பழகும். மாறிகளின் பெயரை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், பைதான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

படி 1: பெயரைக் கேளுங்கள்

இதற்கு வழமையான இன்புட் போதும், பயனர் பெயர் ரகசியம் இல்லை. இன்புட்டில் வந்ததை அப்படியே வைக்காமல் ஸ்ட்ரிப் போட்டு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டுங்கள், லோவர் போட்டுச் சிறிய எழுத்தாக்குங்கள். கைத்தொலைபேசியில் தட்டிப் பழகியவர்கள் முதல் எழுத்தைப் பெரிதாகவும் கடைசியில் ஓர் இடைவெளியும் போடுவது வழக்கம், அதற்காக ஒருவரை வெளியே நிறுத்தக் கூடாது. இந்த வெட்டுகிற வேலையைக் கடவுச்சொல்லில் செய்யாதீர்கள். அங்கே இடைவெளியும் கடவுச்சொல்லின் பகுதிதான்.

இன்னொன்று. இன்புட்டுக்குள் நீங்கள் எழுதும் கேள்வி வழமையான வெளியீட்டுக்குத்தான் போகிறது. பொருளாளர் பாக்கிப் பட்டியலை ஒரு கோப்புக்குள் எடுக்க நினைத்து, கட்டளைக்குப் பின்னால் 'விடப் பெரிது' குறியும் கோப்பின் பெயரும் போட்டு ஓடவிட்டால், "பயனர் பெயர்:" என்ற கேள்வியும் அந்தக் கோப்புக்குள் போய்விடும். திரையில் ஒன்றும் வராது, அவர் புரோகிராம் தொங்கிவிட்டது என்று நினைத்துக் காத்துக்கொண்டிருப்பார், புரோகிராமோ அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். கேள்வியைப் பிரிண்ட் மூலம் பிழை வெளியீட்டுக்கு, அதாவது சிஸ் தொகுதியில் உள்ள எஸ்டிடி-எர் என்பதற்கு அனுப்பிவிட்டு, வெறும் இன்புட்டால் பதிலை வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. பிரிண்டில் ஃப்ளஷ் என்பதை ட்ரூ (முதல் எழுத்து பெரியது) ஆக்குங்கள், எண்ட் என்பதை வெற்று மேற்கோள் ஆக்குங்கள், கேள்வியின் அதே வரியிலேயே பதிலைத் தட்டலாம்.

படி 2: கடவுச்சொல்லை மறைத்துக் கேளுங்கள்

நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டியதும் அது திரையில் தெரிகிறதே, அதை உங்கள் புரோகிராம் காட்டுவதில்லை. தட்டுவதையெல்லாம் டெர்மினல், அதாவது புரோகிராம் ஓடுகிற அந்தக் கறுப்புத் திரை, தானாகத் திருப்பிக் காட்டுகிறது. கடவுச்சொல் கேட்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இந்த எதிரொலியை நிறுத்தி, வாங்கி முடிந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும். பைதானோடு வரும் கெட்பாஸ் என்ற தொகுதி இதைத்தான் செய்கிறது. ஜி, ஈ, டி, பி, ஏ, எஸ், எஸ், இடைவெளி இல்லாமல். மேலே இம்போர்ட் கெட்பாஸ் என்று ஒரு வரி. பிறகு கடவுச்சொல் வேண்டிய இடத்தில் கெட்பாஸ், புள்ளி, கெட்பாஸ், அடைப்புக்குறிக்குள் உங்கள் கேள்வி. இன்புட் போலவே தட்டியதைத் திருப்பித் தரும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. லினக்ஸிலும் மாக்கிலும் இது டெர்மினலை நேரடியாகத் திறந்து கேட்கிறது, ஆகவே வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினாலும் கேள்வி திரையிலேயே வரும். முதல் படியில் சொன்ன சிக்கல் இங்கே இல்லை.

பள்ளிக்கூடங்களில் பைதானோடு வரும் ஐடில் சாளரத்துக்குள் ஓடவிட்டுப் பழகியவர்கள் இதைக் கவனியுங்கள்: ஐடிலுக்குள் கெட்பாஸ் ஒழுங்காக வேலை செய்யாது. மறைக்க முடியவில்லை, தட்டுவது தெரியக்கூடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். புரோகிராமில் பிழை தேடாதீர்கள், கோப்பைச் சேமித்துவிட்டு உண்மையான டெர்மினலில் ஓடவிடுங்கள்.

இங்கே பழகாத ஆட்களை நினைக்க வேண்டும். திரையில் ஒன்றும் வராவிட்டால், விசைப்பலகை பழுது என்றுதான் முதலில் நினைப்பார்கள். "தம்பி, நான் தட்டுறது விழுகுதில்லை" என்று செயலாளர் ஐயா கூப்பிடுவார், அல்லது ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிவிட்டுப் பிழை என்று வந்ததும் எழும்பிப் போய்விடுவார். அதனால் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள்: "கடவுச்சொல் (தட்டுவது திரையில் தெரியாது, தட்டி முடித்து என்டரை அழுத்துங்கள்):" என்று. வரி நீண்டுபோகும், போகட்டும். பைதான் 3.14 இருந்தால் இன்னும் நல்லது, அதில் கெட்பாஸுக்கு எக்கோ-சார் என்று ஒரு வசதி சேர்த்திருக்கிறார்கள், நடுவில் அடிக்கோடு. அதற்கு ஒரு நட்சத்திரக் குறியைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நட்சத்திரம் விழும். கடவுச்சொல்லின் நீளம் பின்னால் நிற்பவருக்குத் தெரிந்துவிடுமே என்று சிலர் இதை வேண்டாம் என்பார்கள். என் எண்ணத்தில், தட்டுவது விழுகிறது என்று தெரிகிற நிம்மதி பழகாதவர்களுக்கு அதைவிடப் பெரிது, நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது, கடவுச்சொல் நீளமாக இருந்தால்.

படி 3: தமிழ் விசைப்பலகையை மறக்காதீர்கள்

ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது, எங்களுக்குத்தான் வேண்டும். பதிவு செய்கிற தங்கச்சி கமக்காரர் பெயர்களைத் தமிழில் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, மதியம் திரும்ப லொகின் பண்ணுகிறார். விசைப்பலகை இன்னும் தமிழில்தான் நிற்கிறது. தட்டுவது தெரிந்திருந்தால் முதல் எழுத்திலேயே பிடித்திருப்பார், மறைத்துக் கேட்பதால் பிழை என்று வரும்வரை தெரியாது, மூன்று தடவையும் அப்படியே போய்விடும். நீங்கள் செய்யக்கூடியது லேசானது: வந்த கடவுச்சொல்லில் தமிழ் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி பதினாறின் அடிப்படையில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, ஒவ்வொரு எழுத்தின் ஓர்ட் மதிப்பும் அதற்குள் விழுகிறதா என்று பார்த்தால் போதும். இருந்து, கடவுச்சொல்லும் பொருந்தாவிட்டால், "விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மாறும்" என்று சொல்லுங்கள். இந்தச் செய்தியை அந்தக் கணக்கு இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் ஒரேமாதிரி காட்டினால் ரகசியம் எதுவும் வெளியே போகாது. கப்ஸ் லொக் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கலாம்.

கடவுச்சொல்லைத் தமிழிலேயே வைக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், வைக்கலாம், ஆனால் உங்கள் புரோகிராம் ஒரு வேலை செய்ய வேண்டும். "கொ" என்பது கணனிக்குள் இரண்டு விதமாக இருக்க முடியும்: ககரத்தோடு ஒகரக்குறி ஒரே குறியீடாக, அல்லது ககரத்தோடு எகரக்கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கும் பைதானுக்கு இரண்டும் வேறு. பாமினி முறையில் தட்டுகிற ஒரு மென்பொருள் ஒரு விதமாகவும் இன்னொரு கணனியின் விசைப்பலகை வேறு விதமாகவும் தரக்கூடும், வவுனியாவில் வைத்த கடவுச்சொல் முல்லைத்தீவில் பிழை என்று வரும், இரண்டு பேருக்கும் காரணம் விளங்காது. இதற்கு மருந்து யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நோர்மலைஸ். முதலில் என்எஃப்சி என்ற சொல் (மூன்றும் பெரிய எழுத்து), பிறகு கடவுச்சொல், இரண்டையும் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். கடவுச்சொல் வைக்கும்போதும் செய்ய வேண்டும், கேட்கும்போதும் செய்ய வேண்டும், ஒன்றில் மட்டும் செய்தால் பிரயோசனம் இல்லை. ஒன்றை மட்டும் அது சரி செய்யாது: ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக்கொம்பையும் ளகரத்தையும் தட்டுகிற பழக்கம். அது உண்மையிலேயே வேறு எழுத்து, அப்படித் தட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் அப்படியே தட்ட வேண்டியதுதான்.

தமிழில் கேள்வி கேட்பது என்று தீர்மானித்தால், அந்தக் கந்தோரின் கணனியிலேயே ஒருதரம் ஓடவிட்டுப் பாருங்கள். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரியக்கூடும், அப்படியானால் எழுத்துருவையோ டெர்மினலையோ மாற்ற வேண்டியிருக்கும்.

படி 4: பிழை விட்டால் என்ன செய்வது

மூன்று தடவை கொடுங்கள். லினக்ஸில் நிர்வாகி அதிகாரத்தோடு வேலை செய்ய உதவும் சூடோ கட்டளையும் வழமையாக மூன்று தடவைதான் கேட்கும். ஃபோர் சுழற்சிக்குள் இரண்டு கேள்விகளையும் வைத்து, சரியானால் பிரேக், பிழையானால் ஓரிரு விநாடி ஸ்லீப் போட்டுவிட்டுத் திரும்பக் கேள். மூன்றும் பிழையானால் சிஸ் தொகுதியின் எக்ஸிட்டில் 1 என்ற இலக்கத்தோடு வெளியேறுங்கள், 0 போட்டால் வேலை வெற்றி என்று அர்த்தமாகிவிடும்.

"அப்படி ஒரு பயனர் இல்லை", "கடவுச்சொல் பிழை" என்று தனித்தனியாகச் சொல்லாதீர்கள். "பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் பிழை" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் பிழையானாலும் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டுத்தான் பிழை என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதை ஒருவர் தட்டித் தட்டியே கண்டுபிடிப்பார்.

நடுவில் ஒருவர் கன்ட்ரோலோடு சியை அழுத்தி நிறுத்தினால் பைதான் ஒரு நீளமான பிழைப் பந்தியைக் கக்கும். கீபோர்ட்-இன்டரப்ட் (கே, ஐ பெரிய எழுத்து), ஈஓஎஃப்-எரர் (ஈஓஎஃப், எரரின் ஈ பெரிய எழுத்து) இரண்டையும், நடுவில் எதுவும் போடாமல் சேர்த்து எழுதி, ட்ரை, எக்ஸெப்ட் போட்டுப் பிடித்து "லொகின் நிறுத்தப்பட்டது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அமைதியாக வெளியேறுங்கள். எதிரொலியைக் கெட்பாஸே திரும்பப் போட்டுவிடும். எப்போதாவது வேறு ஒரு புரோகிராம் இடையில் செத்து, லினக்ஸ் டெர்மினலில் தட்டுவது ஒன்றும் தெரியாமல் நின்றால், கண்ணை மூடிக்கொண்டு எஸ்டிடிஒய், இடைவெளி, சேன் என்று தட்டி என்டரை அழுத்துங்கள், திரும்பி வரும்.

படி 5: கடவுச்சொல் போகக் கூடாத இடங்கள்

ஒவ்வொரு முறையும் தட்டுவது அலுப்பு என்று, புரோகிராமின் பெயருக்குப் பின்னாலேயே கடவுச்சொல்லையும் எழுதி ஓடவிடும் வசதியைச் சிலர் கேட்பார்கள். வைக்க வேண்டாம். கட்டளையாகத் தட்டியது, லினக்ஸ் டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓடவிடும் பாஷின் வரலாற்றுக் கோப்பில் போய்க் குந்திவிடும், அடுத்து வந்து இருப்பவர் மேல் அம்புக்குறியை நாலு தடவை அழுத்தினால் கண்முன் நிற்கும். லினக்ஸில் பிஎஸ் என்ற கட்டளையால் மற்றப் பயனர்களும் ஓடுகிற புரோகிராம்களின் முழு வரியைப் பார்க்கலாம், விண்டோஸின் டாஸ்க் மனேஜரிலும் அதற்கு ஒரு நிரல் உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளே இப்படிக் கொடுத்தால் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கும், கோடு-பி மட்டும் கொடுத்து விட்டால் அதுவே மறைத்துக் கேட்டுக்கொள்ளும்.

ஆளில்லாமல் இரவில் தானாக ஓட வேண்டிய வேலை என்றால் அங்கே கேட்பதற்கே இடமில்லை. சிஸ் தொகுதியின் எஸ்டிடி-இன்னிடம் நீ டெர்மினலா என்று கேட்கும் ஒரு வழி இருக்கிறது, ஐஎஸ்ஏடிடிஒய் என்று பெயர், இல்லை என்று வந்தால் கேள்வி கேட்காமல், வேறொரு கட்டளையின் வெளியீடு வந்துசேரும் குழாய் (பைப்) வழியாக ஒரு வரியை வாசியுங்கள். டொக்கர் என்ற மென்பொருளின் லொகினிலும் கடவுச்சொல்லைக் குழாய் வழியாகக் கொடுக்கும் வழி இருக்கிறது. சூழல் மாறியில் (என்விரன்மென்ட் வேரியபிள்) வைப்பதும் நடைமுறையில் உண்டு, கட்டளை வரியைவிட மேல், ஆனால் உங்கள் புரோகிராம் தொடக்கிவிடும் மற்றப் புரோகிராம்களுக்கும் அது போய்ச் சேரும் என்பதை நினைவில் வைத்திருங்கள். ஒருவர் தன் சொந்தக் கணனியில் பாவிக்கிறார் என்றால் கீரிங் என்ற தொகுதியை இறக்கி, விண்டோஸின் அல்லது மாக்கின் சொந்தப் பெட்டகத்தில் வைக்கலாம். ஒரே விண்டோஸ் கணக்கை எல்லோரும் பாவிக்கிற இடத்தில் அதுவும் வேண்டாம்.

சோதிக்கும்போது பார்ப்பதற்காக ஒரு பிரிண்ட் போட்டு வைப்போமே, அந்த வரி கடவுச்சொல்லைக் காட்டுகிறதா, பதிவுக் கோப்பில் எழுதுகிறதா என்று கடைசியில் ஒருதரம் தேடி எடுத்துவிடுங்கள்.

பாஷ் ஸ்கிரிப்டில் கேட்க வேண்டி வந்தால்

ரீட் கட்டளைக்கு கோடு-எஸ் கொடுத்தால் மறைக்கும், கோடு-பி கேள்வியைக் காட்டும், கோடு-ஆர் இல்லாவிட்டால் பின்சாய்வுக்கோடு உள்ள கடவுச்சொல் கெட்டுப்போகும். ரீடுக்கு முன்னால் ஐஎஃப்எஸ் (மூன்றும் பெரிய எழுத்து), சமன்குறி, இடைவெளி என்று போடுங்கள், ஓரத்து இடைவெளிகள் வெட்டுப்படாது. முடிந்ததும் வெறும் எக்கோ ஒன்று, இல்லாவிட்டால் அடுத்த வரி கேள்வியோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 6: சேமிப்பது

கேட்டு வாங்கியதை எதோடு ஒப்பிடுவது? கடவுச்சொல்லை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்து ஒப்பிடுவதுதான் புதியவர்கள் முதலில் செய்வது. 1966இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற கணனி அமைப்பில் அப்படித்தான் இருந்தது. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தியபோது தற்காலிகக் கோப்புகள் மாறுபட்டு, வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் லொகின் பண்ணிய ஒவ்வொருவரின் முன்னாலும் வந்து விழுந்தன. யாரும் திருடவில்லை, உடைக்கவில்லை. கோப்பில் அப்படியே இருந்ததுதான் காரணம்.

ஆகவே கடவுச்சொல்லிலிருந்து திரும்ப எடுக்க முடியாத ஒரு சாற்றை (ஹேஷ்) மட்டும் வையுங்கள். சீக்ரெட்ஸ் தொகுதியின் டோக்கன்-பைட்ஸால் (இந்தப் படியில் வரும் இப்படியான பெயர்களில் எல்லாம் நடுவில் அடிக்கோடு) ஒவ்வொருவருக்கும் 16 பைட் உப்பு, அதாவது கடவுச்சொல்லோடு கலக்கும் தற்செயலான பைட்டுகள். ஹேஷ்லிப் தொகுதியில் பிபிகேடிஎஃப்2-எச்மாக் என்பதற்கு ஷா256, கடவுச்சொல், உப்பு, 6,00,000 சுற்று ஆகியவற்றைக் கொடுங்கள், மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு ஷா256க்குப் பரிந்துரைத்த அளவு அது. கடவுச்சொல்லை என்கோட் போட்டு பைட்டாக்கிய பிறகுதான் அது ஏற்கும். பழைய கணனியில் கொஞ்சம் தாமதிக்கும், தாமதிப்பதற்காகத்தான் அத்தனை சுற்று. ஒப்பிட இரண்டு சமன்குறிக்குப் பதிலாக எச்மாக் தொகுதியின் கம்பேர்-டைஜெஸ்ட். புதிதாகக் கடவுச்சொல் வைக்கும்போது மட்டும் இரண்டு தரம் கேளுங்கள், மறைத்துத் தட்டுவதால் பிழை விட்டது தெரியாது.

முதல் கடவுச்சொல்லாகத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுக் கொடுப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். பாதிக்கு மேல் ஊகிக்கக் கூடியது, அதோடு அமைப்பின் அங்கத்தவர் பட்டியலிலேயே அந்த இலக்கம் இருக்கும். புரோகிராமே தற்செயலாக ஒரு சொல்லை உருவாக்கிக் கொடுத்து, முதல் லொகினில் மாற்றச் சொல்லட்டும்.

அமைப்புக்குக் கொடுக்கும்போது ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நெல் கணக்கு அதே கணனியில் சாதாரணக் கோப்பாக இருந்தால், உங்கள் லொகினைச் சுற்றிக்கொண்டு எக்செல்லில் நேராக அந்தக் கோப்பைத் திறக்கலாம். யார் பதிந்தார் என்று தெரிவதற்கு லொகின் உதவும், கோப்பைப் பூட்டாது. அதற்கு மூவருக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்கு வைத்து, கோப்பு ஒரு சேவரில் இருக்க வேண்டும், அல்லது கோப்பையே மறைகுறியாக்க வேண்டும். அதில் கமக்காரரின் அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் இருக்கிறதென்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

கையளிக்க முன்னம் சோதனை: வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி ஓடவிடுங்கள். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றித் தட்டுங்கள். "கொ" உள்ள கடவுச்சொல்லை இரண்டு கணனியில் தட்டிப் பாருங்கள். இல்லாத பெயரைக் கொடுத்து என்ன செய்தி வருகிறது என்று பாருங்கள். கடைசியாக, செயலாளர் ஐயாவை இருத்திவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நில்லுங்கள், அவர் எந்த வரியில் திரும்பி உங்களைப் பார்க்கிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.